வீட்டுல ஒயின் போடுறவங்க சர்க்கரைலயும் ஈஸ்ட்லயும் பண்ற தப்புங்க

சர்க்கரையை நெறைய கொட்டுனா சரக்கு ஸ்ட்ராங்கா வரும்னு ஒரு நெனப்பு எல்லாருக்கும் இருக்கு, வீட்டுல ஒயின், மீட் (தேன்ல போடுற ஒயின்), சைடர் (ஆப்பிள் ஜூஸ்ல போடுறது)னு எது போட்டாலும் பாதி பிரச்சனை இங்கதான் ஆரம்பிக்குது. ஈஸ்ட் ஒரு உயிர்ங்க, சர்க்கரையைத் தின்னு ஆல்கஹாலா மாத்துறது அதுதான், அதுக்கு ஒரு தாங்குற அளவு இருக்கு. தோராயமா ஒரு லிட்டர்ல 17 கிராம் சர்க்கரை நொதிச்சா 1 சதவீதம் ஆல்கஹால் கெடைக்கும், அப்ப 12 சதவீதம் வேணும்னா லிட்டருக்கு மொத்தமா 205 கிராம் பக்கம் போதும். இந்த "மொத்தமா"ங்கறத நல்லா கவனிங்க, பழத்துலயே இருக்குற சர்க்கரையும் இதுல சேர்த்திதான். ஆப்பிள் ஜூஸ்ல லிட்டருக்கு 100 கிராம் கிட்ட ஏற்கனவே இருக்கும், திராட்சைல அதவிட ரொம்பவே ஜாஸ்தி, அத கணக்குல எடுக்காம மேல கிலோ கணக்குல போட்டா என்ன ஆகும்? சர்க்கரைப் பாகு மாதிரி கெட்டியா இருக்குற தண்ணில ஈஸ்ட்டுக்குள்ள இருக்குற ஈரத்தயே சர்க்கரை வெளிய இழுத்துரும், அது தெணறும், பாதில நின்னுரும், கடைசில கெடைக்கிறது திகட்டுற இனிப்புல ஒரு அரைகுறை ஒயின். நெஜமாவே ஸ்ட்ராங்கா வேணும்னா சர்க்கரையை ஒரே தடவைல போடாம, முதல்ல கொஞ்சம், நொதிச்சுப் பொங்குறது அடங்குனதும் கொஞ்சம்னு பிரிச்சு போடுங்க.

இதுக்குத்தான் ஹைட்ரோமீட்டர் (திரவத்தோட அடர்த்திய அளக்குற மிதவை) வாங்கிருங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றேன். வெறும் தண்ணில மிதக்கவிட்டா 1.000 காட்டும், சர்க்கரை சேர சேர ரீடிங் ஏறும். ஆரம்பத்துல 1.090 இருந்து முடிவுல 0.998க்கு வந்துச்சுன்னா ரெண்டையும் கழிச்சு 131 ஆல பெருக்குங்க, 12 வரும், அதான் உங்க ஆல்கஹால் சதவீதம். ஆரம்ப ரீடிங் எடுக்காம விட்டுட்டா அப்புறம் எவ்ளோ ஸ்ட்ராங்னு வீட்டுல சரியா சொல்றது கஷ்டம், அதனால ஈஸ்ட் போடுறதுக்கு முன்னாடியே எடுத்து ஜாடி மேல எழுதி ஒட்டிருங்க.

ஈஸ்ட் விஷயத்துல பெரிய தப்பு சூடு. கொதிக்க வெச்ச ஜூஸ் ஆறுறதுக்குள்ள அவசரப்பட்டு தூவிட்டு ரெண்டு நாளா ஒண்ணுமே நடக்கலையேன்னு கேப்பாங்க, அது அப்பவே செத்துப்போச்சு. உலர்ந்த ஈஸ்ட்ட ஊறவைக்க 35லேந்து 40 டிகிரி வெதுவெதுப்பான தண்ணி போதும், அப்புறம் அதையும் ஜூஸோட சூட்டுக்கு மெதுவா கொண்டு வந்துட்டு ஊத்துங்க, திடீர்னு ஜில்லுனு இருக்குறதுல போட்டா அதுக்கும் அடிதான். பிரெட் ஈஸ்ட் போடலாமா? போடலாம், ஆனா அது பொதுவா 10, 12 சதவீதத்துக்கு மேல தாக்குப்பிடிக்காது, அடில சரியா படியாது, மாவு வாசனையும் நிக்கும். ஒயின் ஈஸ்ட்ல சில ரகம் 18 வரைக்கும் போகும்.

ரூம் சூடு 30 டிகிரிய தாண்டுனா நொதிக்கிறது வேகமாத்தான் இருக்கும், பாத்தா சந்தோஷமாவும் இருக்கும், ஆனா தின்னர் மாதிரி நெடி அடிக்கிற கனமான ஆல்கஹாலுங்க உண்டாகி தொண்டைய எரிக்கும். பெரும்பாலான ஒயின் ஈஸ்ட்டுக்கு 18லேந்து 24 நல்லது. அழுகுன முட்டை நாத்தம் வந்தா பயப்படாதீங்க, அனேகமா ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் பத்தலன்னு அர்த்தம், தேன்லயும் வெறும் சர்க்கரைத் தண்ணிலயும் அது கிட்டத்தட்ட இல்லவே இல்ல, அதான் மீட் போடுறவங்களுக்கு இந்த பிரச்சனை அடிக்கடி வரும், ஈஸ்ட் நியூட்ரியன்ட்ட (ஈஸ்ட்டுக்கான சத்துப் பொடி) ஆரம்ப நாட்கள்லயே பிரிச்சு பிரிச்சு சேத்துருங்க.

காத்து ஆரம்பத்துல நண்பன், பின்னாடி எதிரி. ஈஸ்ட் போடும்போது நல்லா கலக்கி காத்த உள்ள விடுங்க, அது பெருக ஆக்ஸிஜன் வேணும். பொங்குறது அடங்குனதுக்கு அப்புறமும் தெனம் தொறந்து கிண்டுனீங்கன்னா வினிகர் ஆகும். மேல பஞ்சு மாதிரி கலர் கலரா பூசணம் வந்தா எடுத்துப்போட்டு குடிக்காதீங்க, கொட்டிருங்க.

இப்ப ஆபத்தான விஷயம், இதத் தயவுசெஞ்சு பொறுமையா படிங்க. ஏர்லாக்ல (வாயுவ வெளிய விட்டு காத்த உள்ள விடாத அடைப்பு) குமிழி நின்னுருச்சுன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல, ஈஸ்ட் குளிருக்கு தூங்கிருக்கலாம், மூடில ஓட்டை இருக்கலாம். ஒரு கிலோ சர்க்கரை முழுசா நொதிச்சா 250 லிட்டர் கிட்ட கார்பன் டை ஆக்சைடு வரும், அவ்ளோ வாயுவும் எங்கயாச்சும் போயாகணும். சர்க்கரை மிச்சம் இருக்கும்போதே கண்ணாடி பாட்டில்ல அடைச்சு டைட்டா மூடுனா அது வெடிகுண்டுதான், கண்ணாடிச் சில்லு கண்ணுல பட்டா பார்வையே போயிரும். மூணு நாலு நாள் இடைவெளில ரெண்டு மூணு தடவ ரீடிங் எடுங்க, எறங்காம அப்படியே இருக்கணும், அதோட நீங்க எதிர்பார்த்த முடிவுக்கு பக்கத்துலயும் இருக்கணும். 1.030ல நின்னா அது முடியல, பாதில மாட்டிக்கிச்சு. நொதிக்கிற ஜாடி நெறைய இருந்தா சின்ன ரூம்ல கதவு ஜன்னல மூடி வெக்காதீங்க, அந்த வாயு மூச்ச அடைக்கும்.

இனிப்பா வேணும்னு கடைசில சர்க்கரை போடுறவங்க பொட்டாசியம் சோர்பேட்ங்கற பதப்படுத்துற பொடி போட்டா போதும்னு நம்புறாங்க. அது ஈஸ்ட்ட கொல்லாது, புதுசா பெருகவிடாம தடுக்கும், அவ்ளோதான். நொதிச்சிட்டு இருக்குறத அது நிறுத்தாது. முழுசா முடிஞ்சு, தெளிஞ்சு, வண்டல விட்டு வேற ஜாடிக்கு மாத்துனதுக்கு அப்புறம் சல்ஃபைட்டோட (இன்னொரு பதப்படுத்துற பொருள்) சேத்து போட்டாத்தான் வேலை செய்யும், அப்பவும் சர்க்கரை சேத்துட்டு ஒரு வாரம் ஏர்லாக்லயே விட்டு ரீடிங் எறங்குதான்னு பாத்துட்டு பாட்டில் பண்ணுங்க. கெமிக்கலே வேண்டாம்னா சர்க்கரை போடாம விடுங்க, குடிக்கும்போது கிளாஸ்ல கலந்துக்கலாம்.