நீலகிரிக்கு ஒரே சைக்கிள்: எதைப் பார்த்து வாங்குவது?

தார் ரோட்டுக்கும் தேயிலைத் தோட்டத்து மண்பாதைக்கும் தனித்தனி சைக்கிள் தேவையில்லை. முன்பக்கம் மட்டும் ஷாக் உள்ள எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்), அதாவது ஹார்ட்டெயில், இரண்டுக்கும் தாங்கும். பின்பக்க ஷாக் பாறையில் குதித்து இறங்குபவர்களுக்கு. மற்றவர்களுக்கு அது ஏற்றத்தில் வெறும் பாரம். சைஸ், சீட் உயரம் எல்லாம் கடையிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் எங்கே அதிகம் ஓட்டுவீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் தார் ரோடு என்றால் 2.1 இன்ச் டயர், மண்பாதை என்றால் 2.25 முதல் 2.4. ஷாக் அமுங்கும் தூரம் 100 மி.மீ. போதும். ஏற்றத்தில் ஷாக் அமுங்காமல் லாக் செய்யும் வசதி கட்டாயம் வேண்டும்.

அடுத்து கியர். 21, 24 என்று எண்ணிக்கை சொல்லி விற்பார்கள். அதை விட்டுவிட்டுப் பற்களை எண்ணுங்கள். முன்னால் உள்ள மிகச் சிறிய பல்சக்கரத்தின் பற்களை, பின்னால் உள்ள மிகப் பெரியதன் பற்களால் வகுங்கள். 24-ஐ 28-ஆல் வகுத்தால் 0.86, 32-ஐ 51-ஆல் வகுத்தால் 0.63. எண் குறையக் குறைய மிதி லேசாகும். 0.7-க்குப் பக்கத்தில் இருந்தால் கோத்தகிரி ஏற்றத்தை உட்கார்ந்தபடியே மிதித்துவிடலாம்.

அப்புறம் பிரேக். நான் அதிகம் மெனக்கெட்டது இதில்தான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறங்கிவிடுவோம். கம்பி இழுத்து இயங்கும் கேபிள் டிஸ்க் பிரேக் வேண்டாம். கேபிளுக்குள் சேறு இறங்கும், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் தேயத் தேய நாமே திருகி இறுக்க வேண்டும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் அதைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும்.

வாங்கும் முன் குனிந்து டிஸ்க் தகட்டைப் பாருங்கள். சிலவற்றில் ‘ரெசின் பேட் ஒன்லி’ (பிசின் கலந்த பேட் மட்டும்) என்று பொடி எழுத்தில் பொறித்திருக்கும். அதில் மெட்டல் பேட் போட்டால் தகடு சீக்கிரம் தேய்ந்துவிடும். ரெசின் பேட்டோ மழையும் மணலும் சேர்ந்தால் வேகமாகக் கரையும், நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடிப்பும் குறையும். மெட்டல் பேட் சத்தம் போடும். ஆனாலும் இரண்டு பருவமழையும் பார்க்கும் நம் மலைக்கு அதுதான் சரி. முன் தகடு 180 மி.மீ. விட்டத்தில் கிடைத்தால் விடாதீர்கள். பட்ஜெட் இடித்தால் ஷாக்கில் குறையுங்கள், பிரேக்கில் வேண்டாம்.

இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே போகக் கூடாது. வளைவுக்கு முன், வண்டி நேராக இருக்கும்போதே நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் விடுங்கள்.

மண்பாதை என்றதும் காட்டுக்குள் புகுந்துவிடாதீர்கள். காப்புக்காட்டுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். தோட்டத்துக்குள்ளேயே காட்டெருமை நிற்கும். கண்டால் தூரத்திலேயே நின்று, அது போகும்வரை காத்திருங்கள்.

பின்சேர்க்கை: கோவையிலிருந்து காரில் சைக்கிளைக் கொண்டுவரும் சிலர், கழற்றிய சக்கரத்தை மாட்டும்போது டிஸ்க் உள்ளே நுழையவில்லை என்று கேட்டிருந்தார்கள். சக்கரம் இல்லாதபோது பிரேக் லீவர் அழுந்தினால் பேட் இரண்டும் நெருங்கிவிடும். கழற்றியதுமே நடுவில் மடித்த அட்டையைச் செருகிவிடுங்கள். ஏற்கெனவே நெருங்கிவிட்டதென்றால் டயரைக் கழற்றும் பிளாஸ்டிக் டயர் லீவரை இடையில் விட்டு மெதுவாக விலக்குங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பேட் கீறிவிடும்.