அங்கன்வாடி அக்காமாருக்கு வீட்டுப் பாதுகாப்புப் பயிற்சி: நான் நடத்தும் முறை

தவழும் பிள்ளைக்கு வீட்டில் எது எது ஆபத்து என்று அங்கன்வாடி அக்காமாரிடம் கேளுங்கள், மடமடவென்று சொல்லிவிடுவார்கள். அதைப் படிப்பிக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரி முகம் கோணாமல் அதை மாற்ற வைப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் நடத்திப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட வழி இது.

1. சாமான். புரொஜெக்டர் வேண்டாம், இருட்டில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். கைக்குழந்தை இருக்கிற ஒரு வீட்டில், பயிற்சிக்கு வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பழைய காலண்டர் அட்டையை 4 செ.மீ. அகலக் குழாயாக உருட்டி ஒட்டுங்கள். அதற்குள் நுழைந்து விழுகிற புளியங்கொட்டை, நிலக்கடலை எல்லாமே மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் மூச்சை அடைக்கக்கூடியவை. பட்டன் பேட்டரி இன்னும் மோசம். உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே அரித்துவிடும்.

2. தவழ்தல். எல்லோரும் முட்டிபோட்டு வீட்டைச் சுற்றிவர வேண்டும். சேலையோடு எப்படி என்று சிரிப்பார்கள், விடாதீர்கள். அந்த உயரத்தில்தான் தொங்கும் மிக்சி வயரும், கட்டிலுக்கடியில் கலர் பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயும் தெரியும். புறவாசலில் வாளியைப் பாருங்கள். பிள்ளை மூழ்க 5 செ.மீ. தண்ணீர் போதும். பிள்ளைக்குத் தலைதான் கனம். குப்புற விழுந்தால் எழும்பத் தெரியாது. வெளியே மஞ்சள் அரளி நின்றால் அதையும் காட்டுங்கள். அதன் விதை இதயத் துடிப்பையே கெடுக்கும்.

3. பேச்சு. எல்லாம் சொதப்புவது இங்கேதான். உள்ளே போனதும் “இதையெல்லாம் இப்படியா போட்டு வைப்பாக?” என்று ஆரம்பித்தால், தாய் தலையை ஆட்டுவாள். அடுத்த வாரம் வாளி அதே இடத்தில் இருக்கும்.

அதனால் நடித்துப் பழக்குங்கள். ஒருவர் அக்கா, ஒருவர் தாய், நல்லா வாயாடுகிற ஒருவர் ஆச்சி. ஆச்சி சொல்லட்டும்: “நாங்க அஞ்சு பிள்ள வளத்தோம், ஒண்ணும் ஆவல.” இதற்குப் புள்ளிவிவரம் எடுபடாது. “ஆமா ஆச்சி, அப்ப பாத்துக்கிட ஆள் இருந்துச்சு. இப்ப மதினி ஒத்தையில கெடந்து பாக்காவல்லா” என்றால் ஆச்சி இறங்கி வருவார், மருமகளுக்கும் மனசு ஆறும்.

பிறகு தாயிடம் ஒரே கேள்வி: “பிள்ள இப்ப எதெல்லாம் எட்டுறான்?” பட்டியலை அவளே போடுவாள். அதில் ஒன்றை மட்டும், அப்போதே, அவள் கையாலேயே மாற்ற வையுங்கள். தண்ணீரைக் கொட்டி வாளியைக் கவிழ்த்தால் அன்றைய வேலை முடிந்தது. இரண்டாவதை எடுக்கவே கூடாது. அது அடுத்த வருகைக்கு. இந்த இடத்தில் அக்காமாருக்குப் பொறுமை இருக்காது. வருகைப் படிவத்தில் பத்துக் கட்டமும் நிரம்ப வேண்டுமே! எனக்கு அந்தப் படிவமே பிடிக்காது.

4. முதலுதவி. சூடுபட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய் குடித்தால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். 108ஐக் கூப்பிட்டு, பாட்டிலையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

பின்சேர்க்கை: “ஒத்த அறை வீடு, அலமாரியே கிடையாது, எங்கே தூக்கி வைக்க?” என்று இந்தப் பதிவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். உறி கட்டச் சொல்லுங்கள். பரண் கட்டை இல்லாவிட்டால் ஆணியில் ஒரு வயர்கூடை.

இன்னொருவர் பீடி சுற்றுகிற வீடுகளைப் பற்றி எழுதியிருந்தார். நான் விட்டுவிட்ட விஷயம். புகையிலைத் தூளைப் பிள்ளை வாயில் போட்டால் வாந்தி, வலிப்பு வரைக்கும் போகலாம். அதற்காகச் சுற்றாதே என்று சொல்ல முடியுமா? சுற்றிய பீடியைக் கடையில் கணக்காக ஒப்படைக்க வேண்டும். தாய் எழும்பினால் தட்டும் கத்தரியும் கூடவே உறிக்கு ஏறட்டும். அந்த வீடுகளில் முதல் வருகைக்கு வாளியை விட்டுவிட்டு இதையே எடுங்கள்.

குழாய் அளவு கேட்டவர்களுக்கு: 4 செ.மீ. என்பது உள்ளளவு.