வீட்டில் நரம்பு வழி ஆன்டிபயாடிக்: முதன்முறை கற்பவர்களுக்கு

எலும்பில் சீழ் பிடித்தவர்களுக்கும் இதய வால்வில் கிருமி தொற்றியவர்களுக்கும் நரம்பு வழியாக நான்கு வாரம், ஆறு வாரம் என்று ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டியிருக்கும். காய்ச்சல் விட்டு, எழுந்து நடமாடிய பிறகும் அந்த ஒரு மருந்துக்காகவே நோயாளி வார்டில் கிடப்பார். துணைக்கு ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து இறங்கி வந்தவர் காப்பித் தோட்டத்துக் கூலியை இழந்து சேலத்தில் காத்திருப்பார். மீதி நாள்களை வீட்டிலேயே முடிக்க வழியுண்டு. 1974லேயே இப்படிச் சிகிச்சை அளித்து வெளிநாட்டு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். நோயாளியின் நிலை சீராக இருக்கிறதா, செஃப்ட்ரியாக்சோன், எர்ட்டாபெனம் போல நாளுக்கு ஒரு வேளை மருந்து பொருந்துமா என்று கேளுங்கள். நான்கு மணிக்கொரு முறை ஏற்ற வேண்டிய மருந்தை வீட்டில் சமாளிப்பது கடினம். முதல் டோஸை மருத்துவமனையில்தான் போட வேண்டும். கடும் ஒவ்வாமை வந்தால் காப்பாற்ற ஆள் அருகில் இருக்க வேண்டும்.

அடுத்து தூரம். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மழையோ பனிமூட்டமோ இருக்கும் இரவில் அவசரமாக இறங்க முடியுமா? செல்போன் சிக்னல் கிடைக்குமா? சந்தேகம் இருந்தால், சிகிச்சை முடியும்வரை சேலத்தில் உறவினர் வீட்டில் தங்குவதே நல்லது என்பேன்.

கையில் போடும் வென்ஃப்ளான் என்ற சிறு குழாய் சில நாள்களே தாங்கும். வாரக்கணக்கில் மருந்து என்றால் மேற்கை நரம்பு வழியாக இதயத்தருகே வரை செல்லும் பிக் லைன் என்ற மெல்லிய நீளக் குழாயைப் போடுவார்கள். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, கட்டு நனையக் கூடாது.

மருந்தைப் பயிற்சி பெற்ற செவிலியர் ஏற்றுவதே முறை. அவர் கற்றுக்கொடுத்து, நீங்கள் செய்வதை நேரில் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வீட்டார் கைவைக்கலாம். மின்விசிறியை நிறுத்துங்கள், மேசையைத் துடையுங்கள், சோப்புப் போட்டு ஒரு நிமிடம் கை கழுவுங்கள். மருந்தின் பெயர், அளவு, காலாவதித் தேதி பாருங்கள். கலங்கியிருந்தாலோ துகள் மிதந்தாலோ வேண்டாம். செஃப்ட்ரியாக்சோனை ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப் பாட்டிலில் கலக்கவே கூடாது; அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும்.

இனி லைனின் மூடி. இந்தச் சிகிச்சையின் வெற்றி பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. ஸ்பிரிட் பஞ்சால் அதன் முகப்பையும் விளிம்பையும் 15 விநாடி அழுத்தித் தேய்த்து, தானே காயும்வரை பொறுங்கள். வாயால் ஊதாதீர்கள், விரலால் தொடாதீர்கள். தொட்டுவிட்டால் மறுபடி தேய்க்க வேண்டும். அந்த முகப்பில் ஒட்டிய கிருமி நேராக இரத்தத்தில் இறங்கும். பிறகு 10 மில்லி சிரிஞ்சில் சலைனைத் தள்ளுங்கள். அதைவிடச் சிறிய சிரிஞ்சின் அழுத்தம் லைனைக் கிழித்துவிடலாம். தடை தெரிந்தால் பலம் கொடுக்காமல் செவிலியரை அழையுங்கள். டியூபிலுள்ள காற்றுக்குமிழியை வெளியேற்றிவிட்டு, சொன்ன நேரத்துக்குள் மருந்தை ஓடவிட்டு, மீண்டும் சலைன்.

உடல் அரிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி 108ஐ அழையுங்கள். சலைன் தள்ளிய சிறிது நேரத்தில் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் லைனிலேயே தொற்று இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கை வீங்கினால் இரத்தக்கட்டியாக இருக்கலாம், ஓயாத வயிற்றுப்போக்கு என்றால் மருந்தின் விளைவாக இருக்கலாம். இரண்டையும் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். வாராவாரம் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். சிறுநீரகமும் கல்லீரலும் மருந்தைத் தாங்குகின்றனவா என்று அதில்தான் தெரியும்.

பயன்படுத்திய ஊசிக்கு மூடி மாட்டாமல், துளைக்க முடியாத டப்பாவில் போட்டு மருத்துவமனையிலேயே ஒப்படையுங்கள். குப்பை அள்ளுபவரின் கையில் அது குத்தக் கூடாது.

கடைசி டோஸ் முடிந்ததும் பிக் லைனை வீட்டில் யாரும் உருவாதீர்கள். செவிலியர் எடுத்து, போட்ட அன்று குறித்த நீளத்தோடு ஒப்பிட்டு, முழுதாக வந்துவிட்டதா என்று பார்ப்பார்.