தனி நகர சபை கேட்கும் ஊரும் எதிர்க்கும் அயலூரும்: வழக்குக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

எதைக் கேட்கிறீர்கள் என்பதை முதலில் ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். அம்பாறைக் கரையோரத்திலும் மட்டக்களப்பிலும் இந்த முதல் வரியிலேயே பலர் தடுமாறுகிறார்கள். கல்முனை மாநகர சபை எல்லைக்குள் இருக்கும் சாய்ந்தமருது அதிலிருந்து பிரிந்து கேட்பது நகர சபை. அது சோலைவரி (வீடு, காணி மீதான வரி) அறவிட்டு, குப்பை அள்ளி, உள்வீதி போட்டு, தேர்தலில் உறுப்பினரைத் தெரிவு செய்யும் உள்ளூராட்சி மன்றம். கல்முனை வடக்கு கேட்பது முழு அதிகாரமுள்ள பிரதேச செயலகம். அது காணி, சமுர்த்தி, அடையாள அட்டை, ஓய்வூதியம் பார்க்கும் அரச நிர்வாக அலுவலகம். ஒன்றுக்கு உள்ளூராட்சிச் சட்டங்கள், மற்றதற்கு உள்நாட்டு அலுவல்களுக்குப் பொறுப்பான அமைச்சும் 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டமும். கடிதம் தவறான மேசைக்குப் போனால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

பிரதேச செயலகம் இருப்பதால் சபையும் தானாக வந்துவிடாது. மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் உண்டு, உள்ளூராட்சி மன்றங்கள் 12 தான். கிரானுக்குச் செயலகம் உண்டு, தனிப் பிரதேச சபை இல்லை. ஆகவே "எங்களுக்குச் செயலகம் இருக்கிறது, சபையும் தர வேண்டும்" என்ற வாதம் மட்டும் நீதிமன்றத்தில் நிற்காது. அது துணைக் காரணம், அவ்வளவுதான்.

எந்தச் சட்டம், எந்தக் கையெழுத்து

பிரதேச சபைக்கு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம், நகர சபைக்கு 1939 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மாநகர சபைக்கு 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மூன்றிலும் விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சர் வர்த்தமானியில் கட்டளை வெளியிட்டே மன்றம் பிறக்கிறது. மேடை வாக்குறுதியோ பிரதமரின் கடிதமோ அமைச்சரவைத் தீர்மானமோ மன்றத்தை உருவாக்குவதில்லை. நகர சபை கேட்டால், அபிவிருத்தியாலோ வசதிகளாலோ அந்த இடம் நகரத்தன்மை பெற்றது என்று காட்ட வேண்டும். கடைத்தொகுதி, வைத்தியசாலை, வங்கிக் கிளைகள், குழாய்நீர் இணைப்பு, குடியிருப்பு நெருக்கம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் அரச ஆவணத்தை இணையுங்கள்.

மாநகர சபை ஒன்றிலிருந்து பிரிவதானால் ஒரு கட்டளை போதாது என்று எண்ணியே வேலை செய்யுங்கள். புதிய நகர சபையைப் பிரகடனம் செய்ய ஒன்று, பழைய மாநகர எல்லையைக் குறைக்க இன்னொன்று. இரண்டும் ஒரே நாளில் நடைமுறைக்கு வர வேண்டும். நாள் மாறினால் இடைப்பட்ட காலத்தில் ஒரே வீட்டுக்கு இரண்டு சபை வரும், அல்லது ஒன்றுமே இருக்காது. இரண்டுமே வழக்குக்குப் போதுமான காரணம்.

எல்லைதான் வழக்கு

கல்முனைப் பிரச்சினையின் வேர் எல்லையில் இருக்கிறது. 1987 சட்டத்துக்கு முன்னர் அங்கே கல்முனைப் பட்டின சபையும் கரைவாகு வடக்கு, தெற்கு, மேற்கு என மூன்று கிராம சபைகளும் இருந்தன. கரைவாகு தெற்குத்தான் சாய்ந்தமருது. நான்கும் ஒன்றாக்கப்பட்டன, 2001 இல் மாநகர சபையானது. பழைய எல்லையில் ஒரு பகுதியை மட்டும் வெளியே எடுப்பதா, நான்கையும் பழையபடி பிரிப்பதா என்பதில்தான் ஊர்கள் முட்டிக்கொள்கின்றன. ஒன்றை எடுத்தால் மீதியில் யார் பெரும்பான்மை, பஸார் யாருக்கு என்ற கேள்வி உடனே எழும்பும். "எங்கள் பங்கைத் தாருங்கள், மீதியை நீங்கள் பாருங்கள்" என்று கேட்கும் மனு இங்கேதான் அடிபடுகிறது. மீதிப் பகுதி எப்படி இயங்கும் என்பதையும் கேட்பவரே எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் அனுபவத்தில் இதைவிடப் பெரிய வேலை வேறில்லை, இதைவிட அதிகமாகத் தட்டிக்கழிக்கப்படும் வேலையும் இல்லை.

எல்லை எழுதும் முறை இது. நில அளவைத் திணைக்களத்தின் 1:10,000 வரைபடத்தை வாங்குங்கள். பிரதேச செயலகத்திலிருந்து கிராம உத்தியோகத்தர் பிரிவுகளின் பெயர், இலக்கப் பட்டியலை அத்தாட்சிப்படுத்தி எடுங்கள். பழைய கிராம சபை வர்த்தமானியின் எல்லை விபரத்தைத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தேடுங்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அவை பொருந்தாத இடங்கள் தெரியும். அந்த இடங்களுக்கு நடந்தே போங்கள்.

நடக்கும்போது பார்க்க வேண்டியது இதுதான். எல்லை என்று சொல்லப்படும் ஓர் ஒழுங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையிலிருந்து பிரதான வீதி வரை மணலும் கொங்கிறீட்டுமாகக் கிடக்கும். வடக்குப் பக்க வேலிக்குள் கிணறு, தெற்குப் பக்கத்தில் வடிகான், தெருவிளக்குக் கம்பம் வடக்கில், வெளிச்சம் விழுவது தெற்கில். கட்டளையில் "இன்ன ஒழுங்கை வரை" என்று மட்டும் எழுதினால் அந்த ஒழுங்கை யாருடையது? வடிகானைத் துப்பரவு செய்வது யார்? மதகு உடைந்தால் யாருடைய பணம்? "ஒழுங்கையின் நடுக்கோடு", "ஒழுங்கையின் வடக்கு விளிம்பு, ஒழுங்கை நீங்கலாக" என்று முடிவைச் சொல்லால் எழுதுங்கள். மேற்கே வயல் என்றால் எந்த வாய்க்காலின் எந்தக் கரை, கிழக்கே கடல் என்றால் எங்கிருந்து எங்கு வரை என்று வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு வரிசையில் எழுதி முடியுங்கள். பிரதான வீதியோ வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது. அதை எல்லையாக வைத்தால் வீதியோரக் கடைகளின் வரி எந்தச் சபைக்கு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

எல்லைக்குள் சிறு தொகையாக வேறு சமூகத்தவர் இருந்தால் அவர்களிடம் முதலில் போங்கள். கோயில் நிருவாகத்தோடும் பள்ளிவாசல் நிருவாகத்தோடும் இருந்து பேசி, வட்டாரம் எப்படி அமையும், மயானமும் மைதானமும் யார் பொறுப்பில் இருக்கும் என்று எழுத்தில் உடன்படுங்கள். இன விகிதக் கணக்கை விண்ணப்பத்தின் முதற்பக்கத்தில் வைக்காதீர்கள். சேவை, தூரம், வருமானம் ஆகியவற்றின் மேல் கட்டிய கோரிக்கை சட்டத்திலும் பலமானது, அயலாரின் மனதிலும் புண் உண்டாக்காது.

பணக் கணக்கு

கடைசி மூன்று ஆண்டுகளின் வரவு செலவு அறிக்கையை எடுத்து, உங்கள் பகுதியின் சோலைவரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை, முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் ஆகியவற்றைத் தனியாகப் பிரியுங்கள். மறுபக்கத்தில் ஊழியர் சம்பளம், குப்பை வண்டி, தெருவிளக்கு. நிலுவைச் சோலைவரியை வருமானமாகக் காட்டாதீர்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் விரல் வைக்கும் இடம் அது. உழவு இயந்திரம், கட்டடங்கள், குப்பை கொட்டும் காணி, கடன், நிலுவையிலுள்ள வழக்குகள், ஊழியர்கள் எல்லாம் எப்படிப் பிரியும் என்று ஓர் அட்டவணை இணையுங்கள். கரையோரத்தில் குப்பை கொட்டக் காணி கிடைப்பது குதிரைக் கொம்பு. அதற்கு விடை இல்லாத பிரேரணை முழுமையானதல்ல.

கோப்பைக் கட்டுவது

கோரிக்கையை விடயப் பொறுப்பான அமைச்சின் செயலாளருக்கு அனுப்பி, கிழக்கு மாகாண ஆளுநர், மாகாண உள்ளூராட்சி ஆணையாளர், மாவட்டச் செயலாளர், தற்போதைய சபை ஆகியோருக்குப் பிரதி அனுப்புங்கள். எல்லாம் பதிவுத்தபாலில். பற்றுச்சீட்டை ஒரே தாளில் ஒட்டித் திகதியோடு வையுங்கள். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 இல் முடிந்ததிலிருந்து மாகாண மட்டக் கருத்து ஆளுநர் ஊடாகவே வருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாவியுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள். அது தகவல் அல்ல. "இன்ன திகதிக் கடிதம் தொடர்பாகக் கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகள், ஆணையாளரின் சிபார்சு, எல்லை வரைபடம் ஆகியவற்றின் பிரதி" என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். தீர்மானம் எடுக்கப்படாத அமைச்சரவைப் பத்திரத்தை மறுக்கலாம், தீர்மானம் எடுத்தபின் அந்தக் காரணம் செல்லாது.

வர்த்தமானி வந்த அன்று

பட்டாசுக்கு முன் ஐந்து விடயங்களைப் பாருங்கள்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, யார் கையொப்பம், நடைமுறைத் திகதி, எல்லை அட்டவணை, மூன்று மொழியிலும் எல்லை ஒன்றுதானா. சாய்ந்தமருது நகர சபைக்கான கட்டளை 2020 பெப்ரவரியில் வெளியானது. நடைமுறைத் திகதி 2022 மார்ச் 20 ஆக இருந்தது. சில நாட்களிலேயே அரசாங்கம் அதை இடைநிறுத்தியது. இதில் பாடம் உண்டு. கட்டளை இட்டவருக்கு அதே முறையில் அதை மாற்றவும் நீக்கவும் அதிகாரம் உண்டு என்பதே அரச தரப்பின் வழமையான வாதம். நடைமுறைத் திகதி தள்ளிப்போகும் அளவுக்கு அந்த வாதத்துக்கு இடம் கூடும். நீக்கலை எதிர்ப்பவர்கள் அதிகாரம் இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தக்கூடாது. காரணம் கூறாமை, பாதிக்கப்பட்டோரைக் கேளாமை, நியாயமான எதிர்பார்ப்பை முறித்தமை ஆகியவற்றைத் தனித்தனியே எழுத வேண்டும்.

எந்த நீதிமன்ற வாசல்

சமத்துவம் மீறப்பட்டது என்றால் அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம். காலம் ஒரு மாதம். இது கல்லில் எழுதியது போன்றது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அந்த மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால், விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டைப் போட்டுவிட்டுத் தூங்கக்கூடாது. விசாரணை உண்மையில் நடந்ததைக் காட்டும் கடிதங்கள் வேண்டும்.

கட்டளை சட்டவரம்பை மீறியது என்றால் 140 ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு. கட்டளையை ரத்துச் செய்வது உறுதிகேள் எழுத்தாணை, செய்ய வேண்டியதைச் செய்யவைப்பது ஆணையீட்டு எழுத்தாணை. இதற்கு நாள் கணக்கு எழுதப்படவில்லை, தாமதம் மட்டும் மனுவைக் கொன்றுவிடும். மாகாண அதிகாரி மாகாண நிரல் (மாகாண சபைக்கு ஒதுக்கிய விடயங்களின் பட்டியல்) விடயத்தில் எடுத்த முடிவானால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் எழுத்தாணை அதிகாரம் உண்டு. கொழும்பிலுள்ள அமைச்சரின் கட்டளையை அங்கே கொண்டுபோய் நாளை வீணாக்காதீர்கள்.

மனுக்கள் தோற்பது பெரும்பாலும் சட்டத்தில் அல்ல, கடதாசியில். போட்டோப் பிரதி மட்டும் இணைத்தால் தள்ளுபடியாகலாம். மூலப் பிரதி அல்லது அத்தாட்சிப்படுத்திய பிரதி வேண்டும். தமிழ் ஆவணங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி தேவைப்படும். அதுவே ஒரு மாதத்தில் பத்து நாளைத் தின்றுவிடும், ஆகவே கோப்பு கட்டும்போதே மொழிபெயர்த்து வையுங்கள். பதிவு செய்யப்பட்ட சட்ட ஆளுமை இல்லாத ஊர்ச் சம்மேளனம் மனுதாரராக முடியாது. சோலைவரிப் பற்றுச்சீட்டும் வாக்காளர் இடாப்புப் பதிவும் உள்ள தனிநபர்கள் தங்கள் பெயரில் வர வேண்டும். ஆணையீட்டு எழுத்தாணை கேட்டால் பதவியோடு பதவி வகிப்பவரின் பெயரையும் எழுதுங்கள். அமைச்சர் மாறினால் பழையவருக்குப் பதிலாகப் புதியவரின் பெயரை உடனே சேருங்கள். தற்போதைய சபையையும் தேர்தல் ஆணைக்குழுவையும் பிரதிவாதியாக்காமல் விட்டால் தேவையான தரப்பு இல்லை என்ற ஆட்சேபணை வரும். பாதகமான கடிதத்தை மறைக்கவே கூடாது. எதிர்த்தரப்பு அதை எடுத்துக் காட்டினால், விடயத்துக்குள் போகாமலே மனு வீழும்.

எதிர்ப்பவர்களுக்கு

மறியலுக்கு முன் எழுத்தில் ஆட்சேபியுங்கள், கட்டளைக்கு முன்பே. "பிரிக்கவே கூடாது" என்பதைவிட "இன்ன எல்லையில் பிரித்தால் இன்ன வீதிக்கும் சந்தைக்கும் இன்ன பாதிப்பு, ஆகவே எல்லாப் பகுதிகளையும் ஒரே நேரத்தில் வகுக்க வேண்டும்" என்பது பலமானது. மற்றவர் வழக்குப் போட்டது தெரிந்தால் இடையீட்டு மனுவோடு முதல் தவணைகளிலேயே போங்கள். இடைக்கால உத்தரவு வந்தபின் போனால் அதைக் கரைப்பது கடினம்.

இடைக்காலத் தடை கேட்கும் முன்

தேர்தலைத் தொடும் தடை இரு பக்கமும் வெட்டும். 2017 நவம்பரில் எல்லை நிர்ணய வர்த்தமானிக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தபோது பல சபைகளின் தேர்தல் ஏற்பாடு நின்றது, மனு மீளப் பெறப்பட்ட பின்னரே நகர்ந்தது. கல்முனை மாநகர சபையின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6 இல் நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, வழக்கு காரணமாக அங்கே வாக்களிப்பு இல்லை. பிரிய விரும்பியவரும் விரும்பாதவரும் ஒருசேர உறுப்பினர் இல்லாமல், மாநகர ஆணையாளரின் கீழ் இருந்தார்கள். வடிகான் அடைத்தால் சொல்வதற்கு வட்டார உறுப்பினர் இல்லை.

ஆகவே தடையின் அகலத்தைக் குறைத்துக் கேளுங்கள். முழுச் சபைக்குப் பதிலாகப் பிணக்குள்ள வட்டாரங்கள் மட்டும், திறந்த காலத்துக்குப் பதிலாக அடுத்த தவணை வரை. கூடவே விரைவு விசாரணைக்கு விண்ணப்பியுங்கள். தடை நீடித்தால், இடைக்காலத்தில் உங்கள் பகுதியில் அறவிடும் சோலைவரிக்கும் செலவுக்கும் ஆணையாளர் தனிக் கணக்கு வைக்க வேண்டும் என எழுத்தில் கேளுங்கள். சொத்துப் பிரிப்பு என்று ஒரு நாள் வந்தால் மேசையில் வைக்க அந்தக் கணக்கேடு தேவை.