மர்மக் கதையில் வழுக்கும் சொற்கள்

"அந்த அறையில் ஆய்வாளருக்கு ஒரு துப்பு கிடைத்தது." மொரிஷியஸில் நடக்கும் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு பெண் இதைத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் மொழிபெயர்த்துக் காட்டினாள். அவள் எழுதியதில் அறைக்குள் யாரோ எச்சில் துப்பிவிட்டுப் போயிருந்தார்கள்!

அவளைக் குறை சொல்ல மாட்டேன். ரோஸ் ஹில்லில் என் வீட்டு வராந்தாவுக்கு வரும் பிள்ளைகள் பள்ளியில் தமிழை ஒரு பாடமாகப் படித்தவர்கள். வீட்டில் பேசுவது கிரியோல். தெரியாத பெயர்ச்சொல்லுக்கெல்லாம் கோடு போட்டு அகராதியைப் புரட்டுவார்கள். மர்மக் கதையில் அந்தக் கோடு பாதி நேரம் தப்பான இடத்தில் விழும்.

குற்றவாளியிடம் கொண்டுபோய் விடக்கூடிய எந்தச் செய்தியும் துப்புதான், பால்காரர் வாய் தவறிச் சொன்ன வார்த்தை உட்பட. தடயம் கண்ணுக்குத் தெரிவது: காலடி, ரத்தக்கறை, கைரேகை. சான்று நீதிமன்றத்தில் எடுபட வேண்டியது. மூன்றையும் 'ப்ரெவ்' (சான்று) என்ற ஒரே பிரெஞ்சுச் சொல்லுக்குள் திணித்தால், இத்தனை கிடைத்தும் ஆய்வாளர் ஏன் யாரையும் கைது செய்யவில்லை என்று கடைசிவரை புரியாது. (12ஆம் குறளில் வரும் துப்பு உணவு. அங்குள்ள 'துப்பாக்கி' சுடாது. அது துப்பு ஆக்கி.)

வாக்குமூலம் என்று வந்ததுமே ஆள் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரும் வாக்குமூலம் கொடுப்பார். ஒப்புக்கொண்டால் அது ஒப்புதல் வாக்குமூலம். கொலையுண்டவர் எதையும் உண்டவர் அல்லர், கொல்லப்பட்டவர். கட்டுண்டான், அடியுண்டான் என்பதும் இப்படித்தான். 'மறைந்தார்' என்றால் இறந்தார் என்றும் பொருள், காணாமல் போனார் என்றும் பொருள். மர்மக் கதை எழுதுபவர் இதை விடுவாரா?

பிள்ளைகள் கோடே போடாமல் தாண்டிப்போகும் இடம் வினைச்சொல்லின் வால். இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்:

"ராத்திரி யாரோ வந்திருக்கிறார். சமையல்காரம்மா கதவைத் திறந்தாராம்."

வகுப்பில் எல்லோரும் இதை நடந்த செய்தியாகவே எழுதினார்கள்: ஒருவர் வந்தார், அம்மா திறந்தார். ஆனால் இதைச் சொல்பவர் இரண்டில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. மேசையில் இரண்டு காப்பிக் கோப்பைகள் கிடந்தன. அதை வைத்து 'வந்திருக்கிறார்' என்கிறார். 'திறந்தாராம்' யாரோ சொல்லிக் கேட்டது. கிரியோலில் இரண்டுக்கும், செயல் முடிந்ததைக் காட்டும் 'ஃபின்' போட்டு முடித்துவிட்டால், ஊகமும் கேள்விப்பட்டதும் நேரில் கண்ட சாட்சியாகிவிடும். பொய் சொன்னவர் தப்பித்துவிடுவார்.

இதையே சூத்திரமாக மனப்பாடம் செய்தாலும் ஆபத்து. "அத்தை வந்திருக்கிறார்" என்றால் அத்தை இப்போது உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்றும் ஆகலாம். "நான் மதுரைக்குப் போயிருக்கிறேன்" என்பது பழைய அனுபவம். 'திறந்திருக்கலாம்' என்பதிலும் கடைசியில் 'ஆம்' கேட்கிறது. அது கேள்விப்பட்ட செய்தி அல்ல, வெறும் சாத்தியம். முன்பின் வரிகளைப் பார்க்காமல் முடிவுகட்ட முடியாது.

அடுத்தது உறவுமுறை. பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவரையும் கிரியோலில் 'தோந்தோன்' என்ற ஒரே சொல் ஆக்கிவிட்டார்கள். கதையோ அப்பா வழிச் சொத்தைப் பற்றியது! அதில் சித்தப்பாவுக்குக் கண் இருக்கலாம். அம்மாவின் தம்பிக்கு என்ன பங்கு? கொலைக்கான காரணமே அந்த ஒரு சொல்லில் கரைந்துபோயிற்று. "வாங்க தம்பி" என்று கடைக்காரர் கூப்பிட்டதை வைத்து இருவரையும் உடன்பிறந்தவர்களாக்கியது வேறு கதை.

சொத்து என்றால் உயில். எங்கள் தீவில் உயில் என்றதும், ஆவணங்களை எழுதி உறுதிசெய்யும் நொத்தேரின் அலுவலகம்தான் பிள்ளைகளுக்கு நினைவு வருகிறது, ஆகவே போலி உயில் என்றால் நம்ப மறுக்கிறார்கள். தமிழ்நாட்டில் நடக்கும் கதையில் உயில் எழுதியவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டாலே உயில் செல்லும், பதிவு கட்டாயமில்லை. அதனால் அங்கே 'சாட்சி' என்று வந்தால் கொலையைப் பார்த்தவர் என்று உடனே எழுதிவிடாமல், உயிலில் கையெழுத்துப் போட்டவரா என்றும் பாருங்கள்.

கடைசியாக 'அவர்'. "அவர் மாடிப்படியில் இறங்கிப் போனார்." ஆணா, பெண்ணா? தமிழ் சொல்லவில்லை. கிரியோலின் 'லி'யும் சொல்லாது. ஆனால் பிள்ளைகள் குறிப்பெடுப்பது பிரெஞ்சில். அங்கே ஆணுக்கு 'இல்' அல்லது பெண்ணுக்கு 'எல்', ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். போன வாரம் பத்துப் பேரும் 'இல்' என்று எழுதியிருந்தார்கள். இறங்கிப் போனவர் அந்தச் சமையல்காரம்மா.