பார்க்கின்சன் நோயாளியின் யோசனை சுணங்கினால் வீட்டில் என்ன செய்வது?

பார்க்கின்சனில் டோபமின் (மூளை நரம்புகள் செய்தி கடத்தும் இரசாயனம்) குறைவது கைநடுக்கத்தோடு நிற்பதில்லை. மூளையின் ஆழத்துக்கும் நெற்றிப்பகுதிக்கும் இடையிலான தொடர்பு தளர்வதால், திட்டமிடுவதும் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதும் சுணங்கும். ‘அம்மாவுக்கு மறதி’ என்று அவசரப்படாதேங்கோ. ஒரு சொல் எடுத்துக்குடுத்தால் பெரும்பாலும் ஞாபகம் வரும்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கோ, பதிலுக்கு 10 விநாடியாவது பொறுங்கோ. நடக்கும்போது கதை குடுக்கக்கூடாது: கவனம் பிரிந்தால் கால் தடுமாறும். லெவோடோபா (மூளையில் டோபமினாக மாறும் மருந்து) குளிசையைச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன் குடுங்கோ. மீன், பருப்பில் உள்ள புரதம் அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வயிற்றைப் பிரட்டினால் ஒரு பிஸ்கட் போதும்.

ஓரிரு நாளில் திடீரெனக் குழம்பினால், நோய் முற்றிவிட்டதென்று முடிவுகட்ட வேண்டாம். சலக்கிருமி, மலச்சிக்கல், தண்ணிக்குறைவு (யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் முதல் சந்தேகம் இதுதான்), அல்லது புதுக்குளிசை காரணமாகலாம். அன்றே வைத்தியரிடம் காட்டுங்கோ. நடுக்கத்துக்கான பென்செக்சோல் வயதானவர்களில் குழப்பத்தைக் கூட்டும். சத்திக்குக் குடுக்கும் மெட்டோகுளோபிரமைட், பிதற்றலுக்கான ஹலோபெரிடோல் இரண்டும் டோபமினைத் தடுப்பவை, பார்க்கின்சனை மோசமாக்கும். அதனால் எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் நோயின் பெயரை முதலே சொல்லுங்கோ. லெவோடோபாவை நீங்களாக நிறுத்தவே வேண்டாம். இல்லாத ஆட்கள் தெரிவதாகச் சொன்னால் வாதாடாமல், நேரத்தோடு கொப்பியில் எழுதி, அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் கொண்டுபோய்க் காட்டுங்கோ.