மழை நோட்டு எழுதப் போறியளா? நான் செஞ்ச தப்பையும் சேத்து வாசிச்சிடுங்க

எனக்க வீட்டுல ரெண்டு கட்சி. பாட்டி சொல்லும், "அந்தக் காலத்துல இடவப்பாதி மழை சொன்ன தேதிக்கு வரும், இப்ப காலமே மாறிப்போச்சு." இடவப்பாதின்னா தென்மேற்கு பருவமழைதான். சித்தப்பா, "போங்கடே, வெயிலும் மழையும் எப்பவும் இப்படித்தான், சும்மா பயங்காட்டுதானுவ." ரெண்டு பேரு கையிலயும் ஒரு கணக்கும் கிடையாது. நானும் ரொம்ப நாளு சித்தப்பா கட்சிதான், சண்டை போட்டு சலிச்சுதான் மழையையும் வெயிலையும் நாமளே அளந்து நோட்டுல எழுதிப் பாப்போம்னு தொடங்கினேன்.

முதல்ல மழைமானி. ரெண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் போதும். மேல கழுத்து சரியுற இடத்துக்குக் கீழ வெட்டி, மூடியக் கழட்டிட்டு அந்தத் துண்டத் தலைகீழா உள்ள வச்சிருங்க, புனலும் ஆச்சு, தண்ணி ஆவியாப் போறதும் குறையும். அடி மேடும் பள்ளமுமா இருக்கதால ஸ்கேல் வச்சு அளந்தா தப்பா வரும், நான் மூணு மாசம் அப்படித்தான் எழுதி, பொறவு அவ்வளவையும் அடிச்சிட்டேன். சேந்த தண்ணிய மருந்து அளக்குற மூடியில ஊத்தி மில்லில அளங்க. வாய் 11 செ.மீ. அகலம்னா 9.5 மில்லி தண்ணிக்கு 1 மி.மீ. மழை. 1 மி.மீ.ன்னா ஒரு சதுர மீட்டர்ல ஒரு லிட்டர், அவ்வளவுதான் விசயம்.

வைக்குற இடம் முக்கியம். தென்னைக்குக் கீழ வச்சா மழை விட்ட பொறவும் ஓலையில இருந்து சொட்டிக்கிட்டே கெடக்கும். செவரு, மரம் எதுவும் பக்கத்துல இல்லாத வெட்டவெளியில நாலு செங்கல்லு அண்டக்குடுத்து வைங்க. ஆடு தட்டும், பாத்துக்கிடுங்க. காலையில 8.30க்கு அளக்கணும், வானிலைத் துறையும் அந்த நேரத்துக்குத்தான் முந்தின 24 மணி நேரத்து மழைய எழுதுறது, அப்பதான் ஒத்துப் பாக்க முடியும். 2.5 மி.மீ. இருந்தாதான் அவங்க கணக்குல அது மழை நாள். மழை இல்லாத நாளும் பூஜ்யம்னு எழுதணும், இதுலதான் எல்லாரும் கோட்டை விடுவோம், வெறுமன விட்டா மழை இல்லியா நீங்க ஊர்ல இல்லியான்னு பொறவு தெரியாது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, குலசேகரம் பக்கம் கொட்டும்போது ஆரல்வாய்மொழியில காத்து மட்டும் அடிக்கும், அதனால பக்கத்து ஊருக்காரன் கணக்கு உங்க கணக்கு ஆவாது.

வெயிலுக்கு வருவோம். "முன்ன ஃபேன் இல்லாம ஒறங்கினோம்"னு எல்லாரும் சொல்லுவோம், நானும் சொன்னேன். தெர்மாமீட்டர் வாங்கி மாடி ரூம்ல ஒண்ணு, முற்றத்துல பலாமர நெழல்ல ஆள் உயரத்துல ஒண்ணு தொங்கவிட்டேன். ஏப்ரல்ல ராத்திரி பத்து மணிக்கு மாடியில 34, பலாமரத்துல 29. ஓட்டு வீட்ட இடிச்சு டெரஸ் போட்டது நாங்கதான், கெழக்க நின்ன ரெண்டு மாமரத்த வெட்டினதும் நாங்கதான். அந்த அஞ்சு டிகிரிய காலநிலை மாற்றம் தலையில போட்டா அது பொய்யாக்கும். போன்ல காட்டுற வெப்பநிலையும் உங்க முற்றத்துல அளந்தது இல்ல, அத நோட்டுல எழுதாதீங்க.

பழைய கணக்கு வேணும்னா ரப்பர் விளை (தோட்டம்) உள்ளவங்க வீட்டுல பாருங்க. எனக்க பாட்டா (தாத்தா) எந்தெந்த நாளு பால் வெட்டு நடந்துது, எத்தனை ஷீட், மரத்துலயும் செரட்டையிலயும் ஒட்டிக் காஞ்ச ஒட்டுப்பால் எவ்வளவுன்னு எழுதி வச்ச நோட்டு கெடச்சுது, மழையால வெட்டு நின்ன நாளுக்கு நேர ஒரு கோடு. பாத்ததும் சந்தோசம் தாங்கல, அந்தக் காலத்துல இப்ப விட வெட்டு நாளு கம்மி, அப்ப மழை கூடுதல்னு பாட்டிகிட்ட போய் சொல்லவும் செஞ்சாச்சு. பொறவு வெட்டுக்காரர் அண்ணன்தான் சிரிச்சாரு, "மக்கா, அப்ப மரத்துல பிளாஸ்டிக் கெட்டமாட்டோம்லா, இப்ப ரெயின்கார்டு இருக்கதால மழையிலயும் வெட்டுதோம்." கோடு மழைக்குத்தான், ஆனா ரெண்டு காலத்துக் கோடும் ஒண்ணில்ல.

கடக்கரையிலயும் இதே கதைதான். கடலுக்குப் போவாத நாளு கூடிட்டுன்னு சொல்லுவாங்க, அது உண்மையா இருக்கலாம், ஆனா 2017 நவம்பர் ஓகி புயலுக்குப் பொறவு எச்சரிக்கை வந்தாலே படகு எறக்குறது இல்ல, அதையும் கழிக்கணும். காத்தே இல்லாம திடீர்னு அலை ஏறி வீட்டுக்குள்ள வந்தா அது கள்ளக்கடலா இருக்கலாம், எங்கயோ தெக்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடிச்ச புயலோட அலை இங்க வந்து சேருறது. பழைய மீன்காரங்க வச்ச பேருதான் அது, புதுசு ஒண்ணும் இல்ல.

மூணு வருச நோட்ட வச்சு முடிவு கெட்டாதீங்க. கேரளாவுல தென்மேற்கு பருவமழை 2023ல ஜூன் 8, 2024ல மே 30, 2025ல மே 24. பாத்தா வருசா வருசம் முந்துதுன்னு தோணும். ஆனா 2009லயே மே 23 வந்தாச்சு. ஒரு வாரம் முன்ன பின்ன ஆகுறது அதுக்கு வழக்கம், பசிபிக் கடல் சூடாகுற எல்நினோ, குளிருற லாநினா வேற ஆட்டும். அதனாலதான் 30 வருச சராசரின்னு வச்சிருக்காங்க.

அப்ப சித்தப்பா ஜெயிச்சாரான்னா, அதும் இல்ல. பூமி சூடாகுதாங்கறத எனக்க பாட்டில் சொல்லாது, அதுக்கு ஆயிரக்கணக்கான இடத்துல நூறு வருசத்துக்கு மேல அளந்த கணக்கு இருக்கு. 1850-1900 சராசரிய விட 2011-2020ல உலகம் சுமார் 1.1 டிகிரி கூடிட்டு, நம்ம வெப்பமண்டல இந்தியப் பெருங்கடல் 1951ல இருந்து 2015க்குள்ள சுமார் 1 டிகிரி. ஒரு டிகிரி கூடினா காத்து ஏழு சதவீதம் கூடுதலா ஈரம் தாங்கும், கொட்டுறப்ப மொத்தமா கொட்ட வழி ஆச்சு. ஒரு டிகிரி தோலுக்குத் தெரியாது, ஒரு நாளுக்குள்ளயே ஏழெட்டு டிகிரி ஏறி எறங்குது. அதனால "எனக்குத் தெரியல"ன்னு சித்தப்பா சொல்லுறது சரி, "அதனால இல்ல"ன்னு சொல்லுறதுதான் தப்பு.

கடைசியா ஒண்ணு, நோட்டுல தனியா ஒரு கட்டம் போடுங்க. மாசக் கடைசியில கூட்டிப் பாக்குறதுக்கு முன்ன, போன வருசத்த விட மழை கூடுதலா குறைவான்னு மனசுல தோணுறத அதுல எழுதிட்டுக் கூட்டுங்க. நான் போன ஐப்பசியில "ரொம்பக் குறைவு"ன்னு எழுதினேன், கூட்டினா கூடுதல். பெய்ததெல்லாம் நடுராத்திரி, நான் ஒறக்கம்.